முதலில் மேல் போல்ட்

இது போல்ட்தான். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து நீங்கள் என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். ஒரு போல்ட், அதோடு ஒரு அலுமினிய வாஷர். தொட்டுப் பார்க்கலாம், கீழே மட்டும் போட்டுவிடாதீர்கள். இந்த வாஷரை வாங்கத்தான் காலை ஏழு மணி பஸ்ஸில் பொள்ளாச்சியிலிருந்து கோயமுத்தூர் வந்தேன். இது மூன்றாவது சனிக்கிழமை. முதல் தடவை வாங்கிய போல்ட் இரண்டு மில்லிமீட்டர் நீளம் கூட. இரண்டாவது தடவை போல்ட் சரி, வாஷரை விட்டுவிட்டு வந்துவிட்டேன். வாஷர் பொள்ளாச்சியில் கிடைக்காதா என்று கேட்கிறீர்கள். கிடைக்கலாம். நான் விசாரிக்கவில்லை. போல்ட் வாங்கிய இடத்திலேயே வாஷரும் வாங்குவதுதான் முறை.

என் பெயர் தண்டபாணி. ஒரு பம்பு கம்பெனியில் முப்பத்திரண்டு வருடம் இன்ஸ்பெக்ஷன் வேலை. செய்து வருகிற சாமானை அளந்து பார்க்க வேண்டும். குறை இருந்தால் என்ன குறை என்று எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். குறை இல்லையென்றால் எழுத ஒன்றுமில்லை, முத்திரை குத்தினால் போதும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடக்கிறது. அதில் நான்தான் குற்றவாளி. என் மனைவி, ஓசூரில் இருக்கிற என் மகள், எங்கள் மெக்கானிக் மாணிக்கராஜ், மூன்று பேரும் ஒரே தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். நான் வேண்டுமென்றே செய்தேனாம். நீங்கள் வெளி ஆள். முழுதும் கேட்டுவிட்டு உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லுங்கள். பொள்ளாச்சி போய்ச் சேர நேரம் இருக்கிறது.

என் மனைவி வசந்தாமணி கணக்கு டீச்சர். நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த நாற்பதாம் நாள், அவளுக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. கலந்தாய்வுக்குப் போனாள். வால்பாறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு. தினமும் போய் வருகிற தூரம் இல்லை. அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்கி, ஞாயிற்றுக்கிழமை ஏறிவிடுவதாகத் திட்டம்.

நான் ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மலைக்குப் போட்டால் நிறையப் பேர் பதவி உயர்வே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள், அது வழக்கத்தில் உள்ளதுதான். அப்படி ஒரு கடிதம் எப்படி இருக்கும் என்று விசாரித்து, ஒரு மாதிரி எழுதி, ஒரு தகவலுக்காக மட்டும், அவளுடைய மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் வைத்தேன். சாயங்காலம் அது என் செய்தித்தாளுக்குள் திரும்பி வந்தது. சிவப்பு மையில் திருத்தியிருந்தாள். பத்துக்கு நாலு. கீழே ஒரு குறிப்பு: ‘காரணம் தெளிவாக இல்லை. மீண்டும் எழுதவும்.’

அப்படிப்பட்டவள்.

கார் அவளுடையது. ஆட்டோமேடிக். ஐம்பது வயதில் லைசென்ஸ் எடுத்தாள். கிளட்ச் வண்டி என்றால் கற்றுக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டாள், அதனால் ஒரு டாக்டர் ஓட்டிய பழைய வண்டியை வாங்கினோம். கேட்டீர்களா, நம் டிரைவர் இப்போது மூன்றாவது கியர் போட்டார். அந்தச் சத்தம் அந்த வண்டியில் கிடையாது. அதில் காலும் கையும் செய்கிற வேலையை உள்ளே இருக்கிற ஆயில் செய்துகொள்கிறது. நான் அதைத் தொடுவதில்லை. இடது காலுக்கு வேலை இல்லாத வண்டியை ஓட்டுவது எனக்கு ஒரு கால் மரத்துப்போன மாதிரி இருக்கும். அவள்தான் நான்கு வருடமாக உடுமலைப்பேட்டைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தாள். நாற்பதாயிரம் கிலோமீட்டர்.

திங்கட்கிழமை முற்பகலுக்குள் வேலையில் சேர வேண்டும். அதுதான் கடைசி நாள். அன்றைக்குச் சேராவிட்டால் பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த கணக்காகிவிடும். நானே ஓட்டிக்கொண்டு போய் விடுகிறேன் என்றேன்.

“நீங்க எதுக்குங்க? உங்க இடது காலு சும்மா இருந்து கஷ்டப்படும்” என்றாள்.

சரி, தனியாகத்தான் போகப் போகிறாள் என்று தெரிந்த பிறகு, ஒரு மனுஷன் என்ன செய்வான்? வண்டியைச் சரிபார்ப்பான். எனக்கு அந்த கியர் ஆயில் நினைவுக்கு வந்தது. வண்டி வாங்கும்போது மாற்றியது. நாற்பது வளைவு ஏறும்போது அந்த ஆயில் எவ்வளவு சூடாகும் தெரியுமா? மாணிக்கராஜிடம் போனேன்.

“கம்பெனிக்காரனே மாத்த வேண்டாம்ங்கறான், நீங்க ஏண்ணா அதைப் போய் நோண்டறீங்க?” என்றான். அப்புறம் கொஞ்சம் யோசித்து, “மலை ஏறற வண்டின்னா மாத்தறது நல்லதுதான். சனிக்கிழமை காலைல விட்டுருங்க, மத்தியானம் சாப்பிட வர்றதுக்குள்ள குடுத்தர்றேன்” என்றான்.

அங்கேதான் எனக்குப் பிடிக்கவில்லை. மத்தியானத்துக்குள் அவன் முடித்துவிட்டால், பிறகு நான் எதற்கு? நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஆயில், பில்டர், ரப்பர் கேஸ்கட் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தேன். சனிக்கிழமை முழுவதும் படித்தேன். போனில் படம் பார்த்தேன். முப்பத்திரண்டு வருடப் பழக்கம், வேலையை வரிசையாகப் பிரித்து ஒரு தாளில் எழுதி, கார் கதவில் ஒட்டினேன். மொத்தம் பதினான்கு வரி.

முதல் வரி: மேல் போல்ட்டை முதலில் கழற்று.

ஏன் முதலில் மேல் போல்ட்? இது முக்கியம், கேளுங்கள். கியர் பாக்ஸில் இரண்டு போல்ட். கீழே இருப்பது பழைய ஆயிலை இறக்க. மேலே பக்கவாட்டில் இருப்பது புது ஆயிலை ஊற்ற. மேல் போல்ட் இறுகிப்போய்க் கழலவில்லை என்று வையுங்கள், பழைய ஆயில் உள்ளேயே இருக்கும், பேசாமல் ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போய்விடலாம். கீழ் போல்ட்டை முதலில் கழற்றி எல்லா ஆயிலையும் இறக்கிவிட்டு, அப்புறம் மேல் போல்ட் கழலவில்லை என்றால்? ஊற்ற வழியில்லை. வண்டி ஒரு அடி நகராது. அதனால்தான் முதலில் மேல் போல்ட். இது எனக்குத் தெரியும். நான் எழுதியது. சிவப்புப் பேனாவில் அடிக்கோடும் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்டியை நாலு ஸ்டாண்டில் ஏற்றி, அடியில் படுத்து, கீழ் போல்ட்டைக் கழற்றினேன்.

ஆமாம். கீழ் போல்ட்டை.

இதைத்தான் நானும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன். மூன்று வாரமாகக் கேட்கிறேன். மல்லாந்து படுத்தால் கீழ் போல்ட் மூக்குக்கு நேராக இருக்கிறது, அது ஒரு காரணம். மேல் போல்ட்டைப் பார்க்க டயர் பக்கம் தலையைத் திருப்ப வேண்டும், எனக்குக் கழுத்து வலி, அது இரண்டாவது. ஸ்பேனர் கையில் இருந்தது, அது மூன்றாவது. எண்ணிப் பார்த்தால் ஏழு காரணம் இருக்கிறது. ஒரு தப்புக்கு ஏழு காரணம் எழுதிக் கொடுத்தால், இன்ஸ்பெக்ஷனில் நான் அந்த ஆளைச் சந்தேகப்பட்டிருப்பேன். ஒரு காரணம் சொல்கிறவனைத்தான் நம்புவேன். அது வேறு விஷயம்.

ஆயில் இறங்கியது. அளந்தேன், மூன்று லிட்டர் எழுநூறு. அடித்தட்டைச் சுற்றியிருந்த சின்ன போல்ட்டுகளைக் கழற்றி, தட்டை இறக்கி, பழைய பில்டரை எடுத்துப் புதிதை வைத்தேன். தட்டுக்குள் காந்தங்கள் ஒட்டியிருக்கும், தேய்கிற இரும்புத் தூளைப் பிடித்து வைக்க. முரட்டுத்தனமாக ஓட்டிய வண்டியென்றால் அதில் சில்லுச் சில்லாக இரும்பு நிற்கும், ஆயிலும் கஷாயம் போல் கருத்துக் கருகல் வாடை அடிக்கும். இதில் மை மாதிரி மெல்லிய பசை மட்டும்தான். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், நெருடவே இல்லை. புது ஆயில் சிவப்பாக இருக்கும், இதில் இன்னும் அந்தச் சிவப்பு மிச்சம் இருந்தது. பசையை ஒரு வெள்ளைத் தாளில் துடைத்து மடித்து வைத்தேன், ஆயிலைக் கேனில் ஊற்றி மூடி வைத்தேன். பழக்கதோஷம். பிறகு காந்தத்தைத் துடைத்து வைத்து, புது கேஸ்கட் போட்டு, தட்டை மூடினேன். எல்லாம் முறைப்படி.

அதற்கப்புறம் மேல் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டேன். அசையவில்லை. அழுத்தினேன். ஸ்பேனர் வழுக்கியது. இன்னும் அழுத்தினேன். போல்ட்டின் ஆறு மூலையும் மழுங்கி உருண்டையாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து அவள் டீ கொண்டு வந்தாள்.

“முடிஞ்சுதுங்களா?”

“முடிஞ்ச மாதிரிதான்.”

டம்ளரை என்னிடம் நீட்டிவிட்டு, கதவில் ஒட்டியிருந்த தாளைப் படிக்க ஆரம்பித்தாள். டீச்சர்கள் எதை ஒட்டினாலும் படிப்பார்கள்.

“ஒண்ணு, மேல் போல்ட். இது கழட்டியாச்சுங்களா?”

“அதைத்தான் கழட்டிட்டிருக்கேன்.”

“அப்ப இந்தக் கேன்ல இருக்கற ஆயில்?”

நான் டீ குடித்தேன்.

“ஒண்ணுக்கு அப்புறம்தான் ரெண்டு வரும்னு எங்க ஆறாம் கிளாஸ் பசங்களுக்குத் தெரியுமுங்க” என்றாள். பிறகு காருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. “இதுக்கு அந்த லெட்டரையே ஒழுங்கா எழுதியிருக்கலாமுங்க. நாலு லிட்டர் ஆயில் மிச்சமாயிருக்கும்.”

பார்த்தீர்களா? அங்கே ஆரம்பித்தது இந்தப் பேச்சு. நான் அவளைப் போகவிடாமல் செய்யத்தான் இப்படிச் செய்தேன் என்று.

மாணிக்கராஜுக்குப் போன் போட்டால் தாராபுரத்தில் கல்யாண வீட்டில் இருந்தான். “மேல் போல்ட்டை மொதல்ல தொறக்கலையாண்ணா?” என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த யாரிடமோ அதைச் சொல்லிச் சிரித்தது எனக்குக் கேட்டது. சாயங்காலம் மகள் போன் செய்தாள். அவளுக்கும் செய்தி போயிருந்தது. “ஏம்ப்பா, அம்மா போறது உங்களுக்குக் கஷ்டமா இருந்தா சொல்ல வேண்டியதுதானே, பாவம் கார் என்ன பண்ணுச்சு?” என்றாள். எனக்கென்ன கஷ்டம்? எனக்குச் சமையல் தெரியும். துணி துவைக்க மிஷின் இருக்கிறது. வீட்டில் பேச ஆள் இல்லாவிட்டால் ரேடியோ இருக்கிறது. அவள் போன முதல் வாரம் நான் ரேடியோவுக்கு நான்கு செல் மாற்றினேன், அவ்வளவு கேட்டேன்.

திங்கட்கிழமை விடிகாலை பஸ்ஸில் அவள் போனாள். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் தலையணை. நிற்கத்தான் இடம் கிடைத்தது. பஸ் நிலையத்தில் நான் ஜன்னலுக்கு வெளியே நின்று, ஸ்வெட்டர் எடுத்தாயா என்று கேட்டேன். வேறு ஒன்று சொல்லலாம் என்றுதான் போனேன், வாயில் ஸ்வெட்டர்தான் வந்தது. பதினோரு மணிக்கு, சேர்ந்துவிட்டேன் என்று தகவல் அனுப்பினாள். முற்பகலில்தான் சேர்ந்தாள். ஆகவே என்னால் நஷ்டம் ஒன்றும் இல்லை. தானே ஓட்டிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வாசலில் இறங்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தாளாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. மகளிடம் சொல்லியிருக்கிறாள்.

மாணிக்கராஜ் மறுநாளே வந்தான். மழுங்கிய போல்ட்டை எடுக்க அவனிடம் கருவி இருக்கிறதாம், மாற்று போல்ட்டும் இருக்கிறதாம். நான்தான் வேண்டாம் என்றேன். அளவு சரியான புது போல்ட் என் கையில் இருந்தால்தான் பழையதை எடுக்க விடுவேன் என்றேன். அதுவும் முறைதானே? அந்த முறைப்படிதான் மூன்று சனிக்கிழமை. வாரா வாரம் வெள்ளிக்கிழமை அவள் பஸ்ஸில் இறங்கி வருகிறாள், வாசலில் ஸ்டாண்டில் நிற்கிற காரைப் பார்த்து, “என்னங்க, இன்னும் தவத்துல இருக்குதா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே போகிறாள். நேற்றும் அதையே கேட்டாள்.

இப்போது சொல்லுங்கள். வேண்டுமென்றே செய்தேனா?

சிரிக்கிறீர்கள். சரி, இருங்கள், போன் அடிக்கிறது. அவள்தான். ஸ்பீக்கரில் போடுகிறேன், இல்லாவிட்டால் பஸ் சத்தத்தில் கேட்காது. நீங்களும் கேளுங்கள், தப்பில்லை.

“ஏனுங்க, எங்க வந்துட்டிருக்கீங்க?”

“ஒத்தக்கால்மண்டபம் தாண்டியாச்சு. வாஷர் கிடைச்சிருச்சு வசந்தா.”

“சந்தோசம். கிணத்துக்கடவுல எறங்குங்க. நான் ஸ்டாப்புல நிக்கறேன்.”

“அங்க எதுக்கு வந்தே? எந்த பஸ்ல வந்தே?”

“பஸ்ல வரலைங்க.”

“பின்னே?”

“நீங்க காலைல கெளம்பின ஒடனே மாணிக்கராஜுக்குப் போன் போட்டேன். ரெண்டு மணி நேரம். போல்ட்டை எடுத்து, வேற போல்ட் போட்டு, நீங்க வாங்கி வச்ச ஆயிலை ஊத்தி, வண்டிய ஓடவிட்டு, சூடு பாத்து, அளவு பாத்து, எல்லாம் ஆச்சு. மூணு வாரம் உங்களுக்கு விட்டுக்குடுத்தேன். ஆசையா செய்யறீங்களேன்னு.”

“இன்ஜின் ஓடிட்டிருக்கும்போதே அளவு பார்த்தானா?”

“பாத்தாரு. மூலையில நீங்க மூடி வச்சிருந்த பழைய ஆயிலையும் பாத்தாரு. ஒரு தாள்ல மடிச்சு வச்சிருந்தீங்களே, மை மாதிரி, அதையும் பாத்தாரு. கேக்குதுங்களா?”

“கேக்குது.”

“‘இந்த வண்டிய யாரக்கா ஓட்டினது, நாப்பதாயிரம் ஓடியும் ஒரு சில்லு இல்லையே, இவ்வளவு பதனமா ஓட்டினவங்கள நான் பாத்ததில்ல’ன்னாரு. நான்தான்னேன். ‘அண்ணன் அன்னைக்கே பாத்திருப்பாரே, உங்ககிட்டச் சொல்லலையா?’ன்னு கேட்டாரு. மறந்திருப்பாருன்னு சொன்னேன். மறந்துட்டீங்களா?”

“பஸ்ல கூட்டம், வசந்தா.”

“பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?”

“ஒருத்தர் இருக்காரு. பொள்ளாச்சிக்காரர்.”

“அவருகிட்டயும் சொல்லியாச்சுங்களா? என்ன சொன்னாரு?”

“சிரிக்கறாரு.”

“நல்ல மனுசன். எறங்குங்க, இங்கிருந்து நேரா மலை. எங்க பள்ளிக்கூடம் எப்படி இருக்குன்னு பாத்துட்டு நாளைக்கு நீங்க பஸ்ல எறங்கிக்கலாம். ஸ்வெட்டர் எடுத்து வச்சிருக்கேன்.”

வைத்துவிட்டாள்.

நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். எனக்கே தெரியும். விரலுக்கு நடுவில் அந்தப் பசையைத் தேய்த்துப் பார்த்தபோதே தெரியும், இவளால் எந்த மலையும் ஏற முடியும் என்று. நாற்பது வளைவு இல்லை, நானூறு. காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லிவிட்டால், அப்புறம் போகாதே என்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? அதற்குப் பிறகுதானே மேல் போல்ட்டை அவ்வளவு அழுத்தினேன். கையளவு ஸ்பேனருக்கு அவ்வளவு பலம் எதற்கு? இல்லை, அதற்கு முன்பே கீழ் போல்ட்டைக் கழற்றியாயிற்றே. அப்படியானால் அது எதனால்? பாருங்கள், இதுதான் என் பிரச்சினை, ஒரு காரணம் கிடைத்தது என்று நினைத்தால் வரிசை தப்பிவிடுகிறது.

கிணத்துக்கடவு வந்துவிட்டது. கொஞ்சம் காலை நகர்த்துங்கள்.

அதோ, அந்த வெள்ளை வண்டி. பஸ் நிற்கிற இடத்தில் கொண்டுவந்து… இல்லை, இல்லை, தள்ளித்தான் நிறுத்தியிருக்கிறாள். சக்கரமும் நேராக இருக்கிறது. டிரைவர் சீட்டிலிருந்து எழுந்திருக்கவில்லை, பார்த்தீர்களா? உள்ளேயிருந்து எட்டி எனக்கு இடது பக்கக் கதவைத் திறந்து வைத்திருக்கிறாள்.

இந்த போல்ட்டை நானே வைத்துக்கொள்கிறேன். அளவு சரியான போல்ட், என்றைக்காவது உதவும்.

உட்கார்ந்ததும் அதைச் சொல்லிவிடப் போகிறேன். ஆயில் நன்றாக இருந்தது, நீ நன்றாக ஓட்டியிருக்கிறாய் என்று. பெல்ட் போடுவதற்கு முன்னாலேயே. இங்கிருந்தே தெரிகிறது, வைப்பர் ரப்பர் இரண்டும் பிய்ந்திருக்கிறது, மலையில் மழை வந்தால் ஒன்றும் தெரியாது. அதை ஆழியாறு போனபிறகு சொல்லிக்கொள்ளலாம்.